கோடைக்கால நெடும்பயணத்திற்கு முன் குடும்பத்துடன் எளிய மிதிவண்டிச் சவாரிகள்

பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும், குடும்பத்துடன் மிதிவண்டியில் பல நாள் பயணம் மேற்கொள்ளத் திட்டமிடுவோர் உள்ளனர். மிதிவண்டி ஓட்டுதல் இதயத்திற்கும் நுரையீரலுக்கும் தசைகளுக்கும் நன்மை தரும் உடற்பயிற்சி. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் தக்க முன்னேற்பாட்டுடன் இதில் பங்கேற்கலாம். ஆயினும், பழக்கமில்லாத உடலுடன் வெயிற்காலத்தில் திடீரென நெடுந்தொலைவு செல்வது ஆபத்தை விளைவிக்கக்கூடும்.

வெயிலில் உழைக்கப் பழகாத உடல், குடும்பத்தில் வலுக்குறைந்தவரின் அளவறியாமல் வகுக்கப்பட்ட திட்டம் ஆகிய இரண்டு காரணங்களையும் பயணத்திற்கு முந்தைய ஆறு வாரங்களில் எளிய சவாரிகளின் வாயிலாக நீக்க முடியும். யாருக்கு எவ்வளவு நேரத்தில் சோர்வு ஏற்படுகிறது, யாருடைய மருந்து வேளையை மாற்ற வேண்டியுள்ளது, யாருடைய முழங்கால் வலிக்கிறது என்பவற்றை வீட்டிற்கு அருகிலேயே அறிந்துகொள்வது இச்சவாரிகளின் நோக்கம். நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் அறிய வேண்டியவை கீழே தரப்பட்டுள்ளன.

எளிய சவாரி என்றால் என்ன?

மிதிவண்டி ஓட்டிக்கொண்டே முழு வாக்கியங்களாகப் பேச முடிந்தால் அது எளிய சவாரி. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க நின்றால் வேகம் அதிகம் என்று பொருள். இந்தப் பேச்சுச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. இரத்த அழுத்தத்திற்காக அடினலால் போன்ற மருந்து உட்கொள்வோருக்கு நாடித் துடிப்பு இயல்பாகவே குறைந்திருக்கும். அவர்கள் நாடியை எண்ணி வேகத்தைக் கணிக்க இயலாது. பேச்சுச் சோதனையே அவர்களுக்கு ஏற்றது.

சமதளச் சாலையில் குடும்பமாகச் செல்லும்போது மணிக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் வேகம் போதுமானது. குழுவின் வேகத்தை மிக மெதுவாகச் செல்பவரே முடிவு செய்ய வேண்டும். வேகமாகச் செல்பவர் முன்னே சென்று காத்திருந்தால், பின்னால் வருபவர் சேர்ந்தவுடனேயே குழு புறப்பட்டுவிடுகிறது. இதனால் ஓய்வு மிகுதியாகத் தேவைப்படுபவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகிறது.

விலையுயர்ந்த மிதிவண்டி தேவையில்லை. பள்ளிகளில் 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி போன்ற சாதாரண வண்டியே சமதளச் சாலைக்குப் போதும். கியர் இல்லாத வண்டியில் மேட்டுப் பகுதிகளில் இறங்கித் தள்ளிச் செல்வதே முழங்காலுக்கு நல்லது.

உடல் வெயிலுக்கு எவ்வாறு பழகுகிறது?

வெப்பத்தில் தொடர்ந்து சில நாட்கள் மிதமாக உழைக்கும்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகரிக்கிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது. வியர்வையில் வெளியேறும் உப்பின் அளவு குறைகிறது. அதே வேலையை இதயம் குறைந்த துடிப்பில் செய்கிறது. இம்மாற்றங்கள் நிறைவடையப் பொதுவாக 7 முதல் 14 நாட்கள் ஆகும். வெப்பத்தில் உழைப்பதை நிறுத்தினால் சில வாரங்களில் இந்தப் பழக்கம் மறைந்துவிடும். எனவே, பயணத்திற்கு முந்தைய இரண்டு வாரங்கள் மிக முக்கியமானவை.

தமிழ்நாட்டில் வாழ்வதாலேயே அனைவரும் வெயிலுக்குப் பழகியவர்கள் என்று கருத இயலாது. நாள் முழுவதும் குளிர்சாதன அறையில் பணிபுரிவோர், மலைப்பகுதிகளிலிருந்தோ குளிர்நாடுகளிலிருந்தோ விடுமுறைக்கு வந்தவர்கள், காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கிலிருந்து அண்மையில் மீண்டவர்கள் ஆகியோர் புதிதாகத் தொடங்குபவர்களாகவே கருதப்பட வேண்டும். குழந்தைகள் பெரியவர்களை விடக் குறைவாக வியர்க்கிறார்கள். வெப்பத்துக்குப் பழக அவர்களுக்குக் கூடுதல் நாட்கள் தேவை.

கடலோரப் பகுதிகளில் காற்றில் ஈரப்பதம் மிகுதி. அங்கு வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஆகவே வெப்பநிலை சற்றுக் குறைவாகத் தோன்றினாலும் கடலோரச் சாலைகளில் எச்சரிக்கை குறையக் கூடாது.

ஆறு வாரத் திட்டம்

கீழ்க்காணும் அளவுகள் உடல்நலமுள்ள பெரியவர்களுக்கும், தாமே மிதிவண்டி ஓட்டும் பள்ளிச் சிறாருக்கும் பொருந்தும். முந்தைய வாரத்தின் அளவு எளிதாக இருந்தால் மட்டுமே அடுத்த வாரத்திற்குச் செல்ல வேண்டும். இல்லையெனில் அதே வாரத்தை மீண்டும் செய்யலாம்.

- முதல் வாரம்: மூன்று நாட்கள், ஒவ்வொரு நாளும் 20 முதல் 30 நிமிடங்கள். வாகன நெரிசல் இல்லாத தெரு அல்லது விளையாட்டுத் திடல்.
- இரண்டாம் வாரம்: மூன்று அல்லது நான்கு நாட்கள், ஒவ்வொரு நாளும் 40 நிமிடங்கள்.
- மூன்றாம் வாரம்: நான்கு நாட்கள். அவற்றுள் ஒரு நாள் 10 முதல் 12 கிலோமீட்டர், நடுவில் ஓர் ஓய்வுடன்.
- நான்காம் வாரம்: நான்கு நாட்கள். ஒரு நாள் 15 கிலோமீட்டர், பயணச் சுமையில் பாதியுடன்.
- ஐந்தாம் வாரம்: பெரும்பாலான நாட்களில் சவாரி. வெயிலில் இருக்கும் நேரத்தை 20 நிமிடத்தில் தொடங்கி நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு மணி நேரம் வரை கொண்டுசெல்லலாம். காலை 8.30 மணிக்குள் வீடு திரும்ப வேண்டும்.
- ஆறாம் வாரம்: ஒத்திகை. அடுத்தடுத்து இரண்டு நாட்கள், நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோமீட்டர், முழுச் சுமையுடன். அதன்பின் இரண்டு நாட்கள் ஓய்வு.

ஒத்திகையில் இரண்டாம் நாள் காலையே கவனிக்கத்தக்கது. முதல் நாள் யாரும் ஓட்டிவிடலாம். இரவு உறங்கி எழுந்தபின் மீண்டும் இருக்கையில் அமர மனமும் உடலும் இசைகின்றனவா என்பது அன்றுதான் தெரியவரும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பழகிய இளைஞர் இதனை ஒரே நாளில் கடக்கக்கூடும். குடும்பத்திற்கான கணக்கு வேறு. கோடையில் பாதுகாப்பாக ஓட்டத்தக்க நேரம் விடியற்காலை முதல் காலை 9 மணி வரை, ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஓய்வு நேரத்தைக் கழித்தால் இரண்டரை மணி நேரம் எஞ்சும். மணிக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் வேகத்தில் இது 25 முதல் 30 கிலோமீட்டர். ஆக, இப்பயணத்திற்கு ஐந்து அல்லது ஆறு நாட்கள் தேவை. அதைக் குறைக்க முற்பட்டால், எஞ்சிய தூரத்தை வெயிலிலோ இருட்டிலோ கடக்க நேரிடும்.

மே முதல் வாரத்தில் தொடங்கி அம்மாதக் கடைசி வாரம் வரை நீடிக்கும் கத்திரி வெயில் நாட்களைத் தவிர்ப்பது நல்லது. வானிலை ஆய்வு மையம் வெப்ப அலை எச்சரிக்கை விடுத்த நாட்களில், பயணத்தின் நடுவில் இருந்தாலும், தங்கியுள்ள இடத்திலேயே இருந்துவிட வேண்டும். இதற்காகத் திட்டத்தில் ஓரிரு நாட்களைக் கூடுதலாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

முதலில் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டியவர்கள்

பின்வருவோர் முதல் வாரச் சவாரியைத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் ஆலோசனை பெற வேண்டும்: இதய நோய் உள்ளவர்கள்; நடக்கும்போது நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் ஏற்பட்டவர்கள்; நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், ஆஸ்துமா, வலிப்பு நோய் உள்ளவர்கள்; கருவுற்ற பெண்கள்; நெடுங்காலம் உடற்பயிற்சி இல்லாத முதியோர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே மருந்து பெறுவோர், பயண நாட்களுக்கும் சேர்த்து மருந்து கையிருப்பில் உள்ளதா என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள்: இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்குச் சவாரியின்போதும், அதன்பின் 24 மணி நேரம் வரையிலும் இரத்தச் சர்க்கரை குறையக்கூடும், இரவு உறக்கத்திலும் குறையலாம். புறப்படுமுன் குளுக்கோமீட்டரில் சோதித்து, 90 மி.கி.க்குக் கீழ் இருந்தால் சிற்றுண்டி உண்டபின்னரே தொடங்க வேண்டும். நடுக்கம், திடீர் வியர்வை, பசி, தடுமாற்றம் ஏற்பட்டால் உடனே நின்று, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். 70 மி.கி.க்குக் கீழேயே இருந்தால் மீண்டும் அதே அளவு அருந்த வேண்டும். அடினலால் போன்ற மருந்தும் சேர்த்து உட்கொள்வோருக்கு நடுக்கமும் படபடப்பும் வெளிப்படாமல் போகலாம். வியர்வை மட்டுமே அடையாளமாக இருக்கும். வெயிலில் அதனை எளிதில் பிரித்தறிய முடியாது என்பதால் அத்தகையோர் ஒவ்வொரு ஓய்விலும் சோதித்துக்கொள்வது பாதுகாப்பானது.

சவாரிக்கு முன் தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டால் அது வழக்கத்தை விட விரைவாக உடலில் சேரும். வயிற்றில் போட்டுக்கொள்வது நல்லது. அளவை எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஒத்திகை வாரங்களில் குறித்துவைத்த சர்க்கரை அளவுகள் அவருக்கு மிகவும் உதவும். இன்சுலின் வெப்பத்தில் வீரியம் இழக்கும். வண்டிப் பெட்டியில் வெயில் படும்படி வைக்காமல், குளிர் தாங்கும் பிளாஸ்க்கில் எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டி நேரடியாகப் படக் கூடாது. உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தலாகாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மூடிய காலணி அணிந்து, நாள்தோறும் பாதங்களில் கொப்புளம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள்: ஓய்வில் அளவு 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது கட்டுக்குள் வரும்வரை சவாரி கூடாது. சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை உட்கொள்வோருக்கு நீரிழப்பு விரைவில் ஏற்படும். வழியில் சிறுநீர் கழிக்க இடமிருக்காது என்ற அச்சத்தில் சிலர் அம்மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். பெண்கள் சிலர் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர். இரண்டும் ஆபத்தானவை. மாத்திரை வேளையை மாற்றுவது குறித்து மருத்துவரிடம் கேட்கலாம். கழிப்பறை உள்ள நிறுத்தங்களை முன்கூட்டியே குறித்துவைப்பது குடும்பத்தின் பொறுப்பு.

ஆஸ்துமா உள்ளவர்கள் முதல் பத்து நிமிடங்கள் மிக மெதுவாக ஓட்ட வேண்டும். உடனடி நிவாரண இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பின்னால் வருபவரின் மூட்டையில் இருந்தால் பயனில்லை. வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே ஓட்டலாம். ஒவ்வாமை மருந்துகள், மனநல மருந்துகள் ஆகியவற்றுள் சில வியர்வையைக் குறைக்கும்; அவற்றை உட்கொள்வோரும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

குழந்தைகளின் பாதுகாப்பு

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மிதிவண்டியில் ஏற்றிச் செல்லக் கூடாது. அதற்கு மேற்பட்ட சிறு குழந்தையைக் கால் வைக்கும் தட்டும் இடுப்புப் பட்டையும் உள்ள தனி இருக்கையில் அமர்த்த வேண்டும். பின் கேரியரில் கால்களைத் தொங்கவிட்டு அமரும் குழந்தையின் குதிகால், சக்கரக் கம்பிகளுக்கிடையே சிக்கித் தோல் கிழிவதும் எலும்பு முறிவதும் ஏற்படுகின்றன. சக்கரத்தின் இருபுறமும் வலை அல்லது தடுப்பு பொருத்தினால் இதனைத் தடுக்கலாம். புடவை, துப்பட்டா, வேட்டி ஆகியவை சங்கிலியில் சிக்காதவாறு சங்கிலி உறையும் வேண்டும்.

தாமே ஓட்டும் சிறாருக்கு, இருக்கையில் அமர்ந்தபடி இரு கால்களும் தரையில் ஊன்றக்கூடிய அளவுள்ள வண்டியே ஏற்றது. முன்னே ஒரு பெரியவர், நடுவில் குழந்தைகள், கடைசியில் ஒரு பெரியவர் என ஒற்றை வரிசையில் சாலையின் இடப்புறம் செல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் சிறாரை ஓட்டவிடாமல், கிராமச் சாலைகளையும் இணைச் சாலைகளையும் தேர்ந்தெடுப்பது நல்லது. விளையாட்டு ஆர்வத்தில் குழந்தைகள் களைப்பைச் சொல்வதில்லை. வழக்கமாகப் பேசும் குழந்தை அமைதியாகிவிட்டால் அதுவே நிற்க வேண்டிய அடையாளம்.

தலைக்கவசமும் இருக்கை உயரமும்

தலைக்கவசத்தின் விளிம்பு புருவத்திற்கு இரண்டு விரற்கடை மேலே அமைய வேண்டும். தாடைப் பட்டைக்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல்களுக்கு மேல் இடைவெளி கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை மாற்றிவிட வேண்டும்.

இருக்கையில் அமர்ந்து, கீழ்நிலையில் உள்ள பெடலில் குதிகாலை வைத்தால் கால் ஏறத்தாழ நேராக இருக்க வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால், கைப்பிடியில் உள்ளங்கை அழுந்துவதே பெரும்பாலும் காரணம். பிடியை அடிக்கடி மாற்றுவதும், கைப்பிடியைச் சற்று உயர்த்துவதும் உதவும். இத்திருத்தங்களை எல்லாம் முதல் மூன்று வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

தண்ணீரும் உணவும்

சவாரியின்போது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 150 முதல் 200 மில்லிலிட்டர் தண்ணீர் அருந்தலாம். ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட சவாரியில் உப்பிட்ட மோர், எலுமிச்சைச் சாறு, ஓ.ஆர்.எஸ். கரைசல் ஆகியவற்றுள் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவு தண்ணீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும்; பாதிப் பொட்டலத்தைக் குத்துமதிப்பாகக் கலக்கக் கூடாது. இதய நோய், சிறுநீரக நோய் காரணமாக நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களும், உப்பைக் குறைக்க அறிவுறுத்தப்பட்டவர்களும் தமக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

சவாரிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது எளிய வழி. 60 கிலோ எடையுள்ளவர் 1.2 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் அருந்திய நீர் போதவில்லை. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் அருந்தியுள்ளார் என்று பொருள். அளவுக்கு மீறிய தண்ணீர் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துத் தலைவலி, குமட்டல், குழப்பத்தை உண்டாக்கும். புறப்படுமுன் இட்லி, வாழைப்பழம் போன்ற எளிதில் செரிக்கும் உணவு போதும்.

வெப்பப் பாதிப்பை அறிதலும் முதலுதவியும்

தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை, தலைசுற்றல், குமட்டல், தலைவலி ஆகியவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். உடனே நிழலில் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, உடலை நனைத்து விசிறி, சிறிது சிறிதாக நீர் கொடுக்க வேண்டும். அன்று மீண்டும் வண்டி ஓட்டக் கூடாது.

குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், காரணமற்ற கோபம், வலிப்பு, நினைவிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத் தாக்கு என்றே கொள்ள வேண்டும். அப்போது உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருக்கும். உழைப்பினால் ஏற்படும் வெப்பத் தாக்கில் உடல் வியர்த்திருக்கவும் கூடும். வியர்வை உள்ளதால் ஆபத்தில்லை என்று எண்ணக் கூடாது. உடனே 108ஐ அழைத்து, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் கூற வேண்டும். ஊர்தி வரும்வரை காத்திராமல், ஆடைகளைத் தளர்த்தி, கிடைக்கும் தண்ணீரை உடல் முழுவதும் தொடர்ந்து ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியே எதுவும் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது.

நெஞ்சு வலி, தாடை அல்லது இடக்கைக்குப் பரவும் வலி, ஓய்வெடுத்தும் தணியாத மூச்சுத் திணறல் இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். சவாரிக்குப் பின் கடும் தசைவலியுடன் சிறுநீர் தேநீர் நிறத்தில் வெளியேறினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நாய் துரத்தினால்

வேகமாக மிதித்துத் தப்ப முயல்வதால் கீழே விழ நேரிடும். வேகத்தைக் குறைத்து இறங்கி, வண்டியை நாய்க்கும் தமக்கும் இடையே நிறுத்தி, மெதுவாக விலகிச் செல்ல வேண்டும். கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் இடக் கூடாது. அன்றே அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பயணத்தில் இருப்பதைக் காரணம் காட்டி அடுத்த தவணைகளைத் தள்ளிப்போடக் கூடாது. வழியில் உள்ள அரசு நிலையத்தில் முந்தைய சீட்டைக் காட்டி அவற்றைப் பெறலாம்.

பராமரிப்பவரின் பொறுப்பு

ஆறு வாரங்களுக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, நாள், நேரம், தூரம், அருந்திய நீர், சர்க்கரை அல்லது இரத்த அழுத்த அளவு, எவருக்கேனும் ஏற்பட்ட தொல்லை ஆகியவற்றை எழுதிவர வேண்டும். நோயின் பெயர், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, உறவினரின் தொலைபேசி எண் ஆகியவை எழுதிய சீட்டு ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்க வேண்டும். குழுவில் எவர் "நிற்கலாம்" என்றாலும் அனைவரும் நிற்க வேண்டும் என்ற விதியை முதல் சவாரியிலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். தம்மால் மற்றவர்களின் மகிழ்ச்சி கெடக் கூடாது என்று எண்ணி முதியோரும் நோயாளிகளும் தொல்லையை மறைப்பது இயல்பு. அவர்கள் சொல்லும்வரை காத்திராமல் பராமரிப்பவரே கேட்டறிய வேண்டும்.

பயணத்தை முடிவு செய்யும் முன்

ஒத்திகையின் இரண்டாம் நாள் முடிவில் குடும்பமாக அமர்ந்து பின்வரும் கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

- இரண்டு நாட்களும் அனைவரும் பேசிக்கொண்டே ஓட்ட முடிந்ததா?
- எவருக்கும் மயக்கமோ நெஞ்சு வலியோ தாழ்சர்க்கரையோ ஏற்படாமல் இருந்ததா?
- இரண்டாம் நாள் காலை அனைவரும் தாமாக முன்வந்து புறப்பட்டார்களா?
- மருந்துகள் தவறாமல் உரிய வேளையில் உட்கொள்ளப்பட்டனவா?

ஒன்றுக்கேனும் "இல்லை" என்ற விடை வந்தால் தூரத்தைக் குறைக்கலாம். ஒருவர் மட்டும் பேருந்தில் வந்து மாலையில் சேர்ந்துகொள்ளலாம். அல்லது மழைக்காலம் ஓய்ந்து வெயில் தணிந்த பொங்கல் விடுமுறைக்குப் பயணத்தை மாற்றி வைக்கலாம். பயணம் தள்ளிப்போனாலும் வாரத்தில் சில நாட்கள் மேற்கொள்ளும் எளிய சவாரிகளைத் தொடர வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவை என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாளொன்றுக்கு 30 நிமிடமாக ஐந்து நாட்கள் மிதிவண்டி ஓட்டினால் அது நிறைவேறும். ஐயம் இருப்பின் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அணுகலாம், அல்லது 104 மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம்.